நள தீர்த்தத்தில் இன்னொரு வாளி

ஆவணி தேய்பிறையில் என் வீட்டுக்காரரின் முதல் வருடத் திதி வந்தது. ராமேஸ்வரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று மகன் முன்பே சொல்லிவிட்டான். எனக்கும் அதுதான் மனசு.

ரயில் பாம்பனை நெருங்கும்போது இன்னும் விடியவில்லை. "அம்மா, பாலம்" என்று எழுப்பினான். நான் தூங்கினால்தானே. வெளிச்சத்தில் புதுப் பாலத்தின் இரண்டு தூண் கோபுரங்கள் தெரிந்தன. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, கப்பல் போக வேண்டுமானால் அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே எழும்பும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் சொல்லித்தான். பாலம் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து செய்தித்தாளில் வந்த ஒவ்வொரு துண்டையும் கத்தரித்து வைத்திருந்தார். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள், இதில் மோட்டார் தூக்கும் என்று பேரனுக்குத் தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டுவார். 2025 ஏப்ரல் 6-ம் தேதி பாலம் திறந்தது. அவர் 2024 ஆகஸ்டிலேயே போய்விட்டார்.

பாலம் என்றால் அவருக்கு உயிர். ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சேப்பர்ஸில் 26 வருடம் இருந்தவர். 1968-ல், பத்தொன்பது வயதில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை சென்டரில் போய்ச் சேர்ந்தார். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, இதுதான் அவர்கள் வேலை. அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்களாம். என் மகனையும் அவர் கடைசி வரை "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்.

மகன் என் முதல் கல்யாணத்தில் பிறந்தவன். அவனைப் பெற்றவர் இறக்கும்போது அவனுக்கு மூன்று வயது. 1995-ல் இவர் என்னைக் கட்டிக்கொண்டபோது ஆறு. தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடிப்பதற்குள் இவருக்கு நாற்பத்தாறு ஆகியிருந்தது. வந்த புதிதில் பிள்ளை "மாமா" என்பான். "அப்பான்னு கூப்பிடுடா" என்று நான் ஒருநாள் அதட்டினேன். "விடு, அவனுக்கா எப்போ தோணுதோ அப்போ கூப்பிடட்டும்" என்றார். இரண்டு வருடம் கழித்து, சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்த வலியில் "அப்பா" என்று அலறினான். இவர் கையிலிருந்த காபி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். அதற்குப் பிறகு "மாமா" என்று அவன் கூப்பிட்டதே இல்லை.

முதல் தடவை நாங்கள் மூவரும் ராமேஸ்வரம் வந்தது 2003-ல், மீட்டர் கேஜ் ரயிலில். அக்னி தீர்த்தத்தில் கடல் குளம் மாதிரி அலையில்லாமல் கிடக்கும். ஆனால் அடியில் கல்லும் பாசியும், வழுக்கும். அவர் முன்னால் இறங்கி, காலால் மெல்லத் தடவிப் பார்த்து, "நான் கால் வெச்ச இடத்துல கால் வெச்சு வாங்க" என்றார். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் இதையே சொல்வார். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அன்று இரவு சத்திரத்தில்தான் சொன்னார். 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரில், ஷகர்கர் பகுதியில், இருட்டில், மண்டியிட்டு, கூர்க்கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திக் கண்ணிவெடி தேடியிருக்கிறார்கள். முன்னால் போகிறவன் கால் பட்ட இடம்தான் பின்னால் வருகிறவனுக்குப் பாதை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வருடா வருடம் டிசம்பர் 16 அன்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் விளக்கேற்றி உட்கார்ந்திருப்பார்.

இந்தத் தடவை கடலில் மகன் முன்னால் இறங்கினான். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் போனேன்.

கரையில் உட்கார்ந்து திதி கொடுக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. போன வருடம் கொள்ளி வைக்கும் நேரத்தில், "ரத்த சம்பந்தம் உள்ளவங்க வைக்கட்டும்" என்று உறவில் ஒருவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மகன் பதில் பேசவில்லை. தோளில் பானையை எடுத்துக்கொண்டு நடந்தான், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் எனக்குள் முள்ளாகவே கிடந்தது. புரோகிதர் என்ன கேட்பாரோ, இவன் என்ன சொல்வானோ என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா பேர்?" என்றார். மகன் இவர் பெயரைச் சொன்னான். "கோத்திரம்?" தெரியாது என்றதும், சிவ கோத்திரம் என்று அவரே சொல்லிக்கொண்டார். தாத்தா பெயரும் இவர் வழியிலேயே சொன்னான். பிறகு தயங்கி, "சாமி, என்னைப் பெத்தவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கும் வைக்கணும்" என்றான். "தாராளமா வைப்பா. பெத்தவருக்கும் வை, வளர்த்தவருக்கும் வை" என்று இன்னொரு உருண்டை பிடிக்கச் சொன்னார். ஒரு வருடமாக நான் சுமந்தது அந்த ஒரு வரியில் இறங்கிவிட்டது. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

தர்ப்பணத்தின் முடிவில், தகப்பன், உடன்பிறப்பு, பிள்ளை என்று நீர்விட யாருமில்லாதவர்களுக்கும் இந்த எள்ளும் தண்ணீரும் சேரட்டும் என்று ஒரு மந்திரம் வரும். அதன் பொருளைப் புரோகிதர் சொன்னதும், மகன் என் பக்கம் சாய்ந்து "அப்பாகூட இருந்தவங்களுக்கும்மா" என்றான். கட்டைவிரல் வழியாக நீர் நிதானமாக இறங்கியது. அவன் கை நடுங்கவே இல்லை.

ஈரத்துணியோடு கோயிலுக்குள் போனோம். உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்கள், பெரும்பாலும் கிணறுகள். கிணற்று விளிம்பில் நிற்கிறவர்கள் கயிற்றில் கட்டிய வாளியை வீசி, மொண்டு, அப்படியே தலையில் ஊற்றுவார்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் ஒன்றன் தண்ணீர் மாதிரி இன்னொன்று இருக்காது. மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி என்று வரிசையாகப் போய் நள தீர்த்தத்துக்கு வந்தோம்.

2003-ல் அவர் இங்கேதான் நின்றுவிட்டார். விஸ்வகர்மாவின் மகன் நளன். ராமருக்குச் சேது கட்டிக் கொடுத்தவன். நூறு யோசனை நீளத்தை ஐந்தே நாளில் கட்டியதாக வால்மீகி சொல்கிறார். "தம்பி, எல்லாரும் ராமர் பாலம்னு சொல்வாங்க. போட்டது நளன். நம்ம சேப்பர்" என்று கிணற்றைப் பார்த்துக் கைகூப்பினார். அப்புறம் வாளியின் கயிற்று முடிச்சை எட்டிப் பார்த்து, நல்ல முடிச்சு என்று தலையாட்டினார். ஈரத்தில் முகம் அப்படிப் பளபளத்தது.

இந்த முறை எனக்கு ஒரு வாளி, மகனுக்கு ஒரு வாளி ஊற்றினார்கள். அடுத்தவர்கள் பின்னால் நெருக்கினார்கள். மகன் நகரவில்லை.

"அண்ணே, இன்னொரு வாளி ஊத்துங்க. அப்பாவுக்கு."

கிணற்று மேலே நின்றவர் ஒன்றும் கேட்கவில்லை. வாளியை ஆழமாக இறக்கி, நிறைய மொண்டு, மற்றவர்களுக்கு ஊற்றிய வேகத்தில் ஊற்றாமல், மெதுவாக, முழுசாக அவன் தலையில் சாய்த்தார்.