இறவாரக் கோடு

பிப்ரவரி 8
எங்கள் வயலில் சோலார் பேனல் போடுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்னும் பத்தொன்பது நாள். பேனலுக்குக் கீழே பயிரும் செய்ய முடியுமா என்று அதற்குள் நாலு இடம் போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9
முதல் இடம் பார்த்தாயிற்று. பேனல்கள் இடுப்பு உயரத்தில் தொடங்குகின்றன. கீழே செம்மறி ஆடுகள் மேய்கின்றன. புல் வெட்ட ஆள் வேண்டாம், மருந்து வேண்டாம், ஆடுகளுக்கு நாள் முழுக்க நிழல். வெயில் ஏற ஏற அவை வரிசைக்கு வரிசை நகர்ந்து படுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆடு இருக்கிற வரைக்கும்தான் அது நல்லது. அந்த மண்ணில் இனி ஏர் இறங்காது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே டிராக்டர் நுழையாது, நானே குனிந்துதான் போனேன்.

ராத்திரி போனில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குனியாம நடக்க முடிஞ்சுதா?"

பிப்ரவரி 10
தூக்கம் வரவில்லை. பேனலுக்குக் கீழேயே பயிர் செய்யலாம் என்கிற அந்தப் பழைய யோசனையை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜெர்மனியில் அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர், அர்மின் சாஸ்ட்ரோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1981-இல் சொன்னது. பேனலைத் தரையோடு வைக்காதே, சுமார் 2 மீட்டர் தூக்கு. வரிசைக்கு வரிசை பேனலின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இடம் விடு. அப்படிச் செய்தால் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய எங்கும் ஒரே சீராக, திறந்தவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்பே இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

2 மீட்டர். அப்பா நிமிர்ந்து நடக்கலாம்.

பிப்ரவரி 12
அப்பாவுக்கு இருமல் குறையவில்லையாம். அக்கா கூடவே இருக்கிறாள். நீ போய்ப் பார்த்துவிட்டே வா என்கிறாள்.

பிப்ரவரி 13
ஆராய்ச்சி நிலையம். ஒரே பயிர், ஒரே நாளில் நட்டது. பாதி பேனலுக்குக் கீழே, பாதி வெட்டவெளியில். மண்ணுக்குள் ஈரம் அளக்கும் சென்சார்கள். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். வெளியே மேல்மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நிழலில் விரலில் ஒட்டியது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

வெளிச்சமும் தெவிட்டும் என்று அங்கே இருந்தவர் விளக்கினார். ஓர் அளவுக்கு மேல் வரும் வெயிலை இலை உணவாக்குவதில்லை, சூட்டைத் தணிக்கத் தண்ணீரைத்தான் வெளியே விடுகிறது. அந்த மிச்ச வெயிலைத்தான் பேனல் எடுத்துக்கொள்கிறது. திரும்பச் செடியும் பேனலுக்கு உதவுகிறது. இலை விடும் ஈரத்தால் கீழே காற்று குளிர்கிறது. சூடு ஏற ஏற பேனலின் உற்பத்தி குறையும் என்பதால் அந்தக் குளிர்ச்சி மின்சாரத்துக்கும் லாபம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கீழே செடி இருந்த பேனல்களில் பகல் நேரச் சூடு வெறும் தரைமேல் இருந்தவற்றைவிட சுமார் 9 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தது. அங்கே சில்டெபின் என்ற சின்ன மிளகாய் மூன்று மடங்கு காய்த்தது, செர்ரித் தக்காளி இரண்டு மடங்கு. இன்னொரு மிளகாய், ஹாலபீனோ, ஏறக்குறைய அதே அளவுதான் காய்த்தது. ஆனால் இலை வழியே இழந்த தண்ணீர் 65 சதவீதம் குறைவு.

மனசு துள்ளியது. ஆனால் அது பாலைவனம். எல்லா ஊர் வெயிலும் தெவிட்டுகிற வெயில் இல்லை.

கிளம்பும்போதுதான் அதைக் கவனித்தேன். ஒவ்வொரு பேனல் வரிசையின் கீழ் ஓரத்துக்கும் நேர் கீழே, மண்ணில் ஒரு கோடு. கூரை இறவாரத்தில் விழும் தண்ணீர் முற்றத்தில் குழி பறிக்குமே, அதே மாதிரி.

பிப்ரவரி 14
அந்தக் கோடு. ஒரு பேனல் முழுக்க விழும் மழை ஒரே ஓரத்தில் வழிந்து ஒரே வரிசையில் கொட்டும். நாற்று வைத்து நாலாம் நாள் மழை வந்தால்? அந்தக் கோட்டில் பாத்தி வைக்கக் கூடாது. இல்லை, அங்கேயே வாய்க்கால் எடுத்தால்? வழிகிற தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்த்தால்? சேர்க்கலாம், அப்படிச் செய்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் அதையெல்லாம் கம்பம் நடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். எல்லாமே கம்பம் நடுவதற்கு முன்னால்.

பிப்ரவரி 17
நாள் முழுக்க எண்கள். ஜெர்மனியில் ஹெகல்பாக் பண்ணை, கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம். ஃபிரான்ஹோஃபர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தார் 2016-இல் சுமார் 5 மீட்டர் உயரத்தில் பேனல் போட்டு, கீழே கோதுமை, உருளைக்கிழங்கு, செலரி, தீவனப்புல் பயிரிட்டார்கள். 2017-இல் முதல் மூன்றும் 18 முதல் 19 சதவீதம் குறைந்தன. 2018 கடும் வெயில், வறட்சி. அந்த வருஷம் செலரி 12 சதவீதம் கூடுதல், உருளை 11, கோதுமை 3. தீவனப்புல் மட்டும் 8 சதவீதம் குறைவு.

ஆக, நல்ல வருஷத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, கெட்ட வருஷத்தில் திருப்பித் தருகிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. "கெட்ட வருஷம்தான் ஜாஸ்தி வருது" என்றார்.

பிப்ரவரி 18
அப்பாவுக்குக் காய்ச்சல். எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20
இன்று ஒரு விவசாயி அம்மாவின் தோட்டத்துக்குப் போனேன், அங்கேயும் பேனலுக்குக் கீழே பயிர். இதுவரை பார்த்ததில் இதுதான் மனதுக்குள் நிற்கிறது. உயரமான கம்பங்கள், கீழே டிராக்டர் தாராளமாகத் திரும்புகிறது. கான்கிரீட் இல்லை, கம்பத்தைத் திருகி இறக்கியிருக்கிறார்கள். பிடுங்கினால் மண் பழையபடி மண்ணாகும். களை எடுப்பவர்கள் நிழலோடு சேர்ந்தே நகர்ந்தார்கள். உச்சிவெயிலில் ஒருவர்கூட தலையில் துணி போட்டிருக்கவில்லை.

குறையும் சொன்னார், மறைக்கவில்லை. ஒவ்வொரு கம்பத்தைச் சுற்றியும் ஒரு முழம் மண்ணில் எந்தக் கருவியும் போகாது, அங்கே களை தீவு மாதிரி நிற்கும். நிழலில் அறுவடை சில நாள் தள்ளிப்போகிறது. ஈரம் நின்றால் இலையில் பூஞ்சை வரும், அதனால் செடிக்குச் செடி இடம் கூட்டியிருக்கிறார்.

"வரைபடம் போடும்போது நானும் மேசையில உட்கார்ந்தேன். என் டிராக்டர் அகலத்தைச் சொல்லித்தான் வரிசை போட்டாங்க. அப்புறம் உட்கார்ந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பிப்ரவரி 21
ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். பதினொரு பக்கம். பயிர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. கம்பத்தின் உயரமும் இல்லை.

ஜப்பானில் 2013 முதல் விளைநிலத்தின் மேல் பேனல் போட அனுமதி உண்டு. ஆனால் கம்பத்தை எளிதாகக் கழற்ற முடிய வேண்டும், அந்த வட்டாரச் சராசரி விளைச்சலில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, விளைச்சலை வருஷாவருஷம் காட்ட வேண்டும். நிலம் நிலமாகவே இருக்க வேண்டும் என்று யாரோ கவலைப்பட்டு எழுதிய விதிகள். நான் கேட்பது இரண்டே வரி: உயரம் எவ்வளவு, கீழே உழுகிற உரிமை யாருக்கு.

பிப்ரவரி 23
பேனல் போடுகிறவர்களிடமிருந்து பதில் வந்தது. உயரம் கூடினால் இரும்பு கூடும், காற்றின் தள்ளலும் கூடும், அதற்கு ஏற்ற அடித்தளம் வேண்டும். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. உழுகிற உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் இரண்டு பக்கம் எழுதி அழித்தேன்.

பிப்ரவரி 24
காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பா கஞ்சி குடித்தார். நான் அந்த அம்மாவின் தோட்டத்தைச் சொல்லச் சொல்ல, நிழலோடு நகர்ந்த ஆட்களைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார். "அப்படி ஒரு நிழல் இருந்திருந்தா உங்கம்மா அத்தனை நாள் வெயில்ல நின்னிருக்க மாட்டா."

பிப்ரவரி 26
நீண்ட மூங்கில் கழி ஒன்று கிடைத்தது. அடியிலிருந்து 2 மீட்டரில் ஒரு கயிறு, 3 மீட்டரில் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். காலையில் வயலில் நட்டுப் பார்க்கப் போகிறோம். இறவாரக் கோடு எங்கே விழும் என்று சுண்ணாம்பும் போடணும். அப்பா வருகிறேன் என்கிறார். அக்கா நாற்காலியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.