கிளவுஸ் வந்த கதை

மார்ச் 3, திங்கள்
இன்னிக்கு தியேட்டர்ல மூணு ஆபரேஷன் கேஸ், கிளவுஸ கழட்டினா கை ஊறுகாய் ஜாடிக்குள்ள கெடந்த மாங்கா மாதிரி சுருங்கிப்போய் இருக்கு. இத யாருப்பா ஆரம்பிச்சு வச்சதுன்னு திட்டிட்டே தேடினேன், வில்லியம் ஹால்ஸ்டெட்னு ஒரு சர்ஜன் பேர் வந்துச்சு. 1852ல நியூயார்க்ல பொறந்தவர், பணக்கார வீடு. யேல் யுனிவர்சிட்டில ஃபுட்பால் டீம் கேப்டனாம், படிப்பு சுமார்தான்.

மார்ச் 5, புதன்
நான் கிருமிக்கு பயந்துதான் கிளவுஸ் வந்துச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன், இல்லயாம்! பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில அவரோட ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்கு, கை கழுவுற பாதரச மருந்தால தோல் வெந்து புண்ணாயிருச்சு. வேலைய விட்டுருவாங்களோன்னு இவர் குட்இயர் ரப்பர் கம்பெனில சொல்லி மெல்லிசா கிளவுஸ் செய்ய வச்சார். 1890ல கல்யாணமும் ஆச்சு. கல்யாணத்தோட அந்தம்மா வேலைய விட்டுட்டாங்க, அதான் கடுப்பா இருக்கு. வேலைல இருக்கணும்னுதானே கிளவுஸே வந்துச்சு?

மார்ச் 9, ஞாயிறு
லீவு, துணி ஊறப்போட்டுட்டு திரும்ப அவர் கதைதான். 1881ல அக்கா தங்கச்சில ஒருத்தங்களுக்கு பிரசவத்துல ரத்தம் நிக்கல, தன் கைல இருந்தே ரத்தம் எடுத்து ஏத்திட்டார். பிளட் குரூப்னு ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாத காலம், நெனச்சாலே வயித்த கலக்குது, ஆனா பொழச்சுட்டாங்க. அடுத்த வருஷம் அம்மாவுக்கு பித்தப்பைல கல்லு, நடுராத்திரில சமையலறை மேசைல படுக்க வச்சு ஆபரேஷன் பண்ணிருக்கார். எங்கம்மாவுக்கு ஒரு ஊசி போடவே எனக்கு கை நடுங்கும்.

அப்படிப்பட்ட மனுஷன் 1884ல கொக்கெய்ன் வச்சு மரத்துப்போற ஊசிய சோதிக்கிறேன்னு தனக்கே குத்திப் பாத்து அடிமையாகிட்டார். சிகிச்சைக்கு போனா அங்க மார்ஃபின் பழக்கம் ஒட்டிக்கிச்சு. கூட வேலை பாத்த டாக்டர் ஆஸ்லர் அத ரகசியமா எழுதி வச்சது 1969லதான் வெளிய வந்துச்சு, அதுவரைக்கும் எல்லாரும் போதைப் பழக்கத்தையே விட்டுட்டார்னுதான் நம்பிட்டு இருந்தாங்க.

மார்ச் 14, வெள்ளி
ஹால்ஸ்டெட்டுக்கும் கரோலினுக்கும் கொழந்த இல்ல. ஒரே வீட்ல அவருக்கு ஒரு மாடி அந்தம்மாவுக்கு ஒரு மாடின்னு இருந்திருக்காங்க, சண்டையா பழக்கமா தெரியல, ஆனா கோடைக்கு வட கரோலினா மலைல இருக்குற அவங்க எஸ்டேட்டுக்கு போய் டாலியா பூ வளப்பாராம். கடைசில அம்மாவுக்கு வந்த அதே பித்தக்கல் அவருக்கும். அவர் கிட்ட படிச்ச பசங்களே ஆபரேஷன் பண்ணாங்க, காப்பாத்த முடியல, 1922 செப்டம்பர்ல போயிட்டார். மூணு மாசம் ஆகுறதுக்குள்ள கரோலினும்.

நாளைக்கு மொத கேஸ் பித்தப்பை, ஸ்க்ரப் பண்ணி சர்ஜன் பக்கத்துல நிக்கப்போறது நான்தான். சீக்கிரம் படுக்கணும்.