சோக் திறக்கக் கொடுக்கும் முன் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

12 போர் துப்பாக்கிக் குழலின் வாய்ப்பக்கம், கடைசி மூன்று நான்கு விரற்கடைக்குள், உள்விட்டம் கொஞ்சம் ஒடுங்கும். அந்த ஒடுக்கம்தான் சோக். அதை உள்ளே சீவி அகலப்படுத்துவதுதான் சோக் திறப்பது. ஃபுல் சோக்கிலேயே மொத்த ஒடுக்கம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் இருபது கஜத்தில் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டுகள், 40 செ.மீ வட்டத்துக்குள் விழுவதும் 80 செ.மீக்குப் பரவுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரைப் பொறுத்தது.

நம் பக்கம் சோக் பேச்சு எழுவது பெரும்பாலும் பழைய டபுள் பேரலில்தான். தாத்தா காலத்தில் சேலம் மாவட்ட லைசென்ஸில் வாங்கியது, 1965க்குப் பிறகு தர்மபுரி, 2004க்குப் பிறகு கிருஷ்ணகிரி என்று ஆபீஸ் மாறி வந்த துப்பாக்கிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. வலது குழல் அரை சோக், இடது குழல் ஃபுல் என்பது அவற்றில் வழக்கமான அமைப்பு. பேரன் கிளப்பில் சேர்ந்து களிமண் தட்டு சுடத் தொடங்கும்போதுதான் சிக்கல் தெரியும். ஸ்கீட், ட்ராப் என்று தட்டு சுடும் ஆட்டங்கள் உண்டு. ஸ்கீட்டில் தட்டு இருபது மீட்டர் தூரத்தில் பறக்கிறது. அங்கே ஃபுல் சோக் என்றால், பட்டால் தட்டு பொடி, படாவிட்டால் ஒரு ரவைகூடத் தொடாது. ட்ராப் என்றால் தட்டு 35 மீட்டர் வாக்கில் உடைபடுவதால் அதே இடது குழல் அங்கே நன்றாக வேலை செய்யும். ஆகவே எந்த ஆட்டத்துக்கு என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக் காவலுக்கு எல்.ஜி., எஸ்.ஜி. எனும் பெரிய ரவைத் தோட்டாவோடு வைத்திருப்பவர் இதில் பணம் போட வேண்டியதே இல்லை. வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் இருக்கும் தூரத்தில் சோக் பெரிய வித்தியாசம் செய்யாது. நிலக்கடலைக் காட்டில் இறங்கும் பன்றிக்காக என்றால், வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் கையில் இருப்பதால் மட்டும் பன்றியைச் சுட உரிமை வந்துவிடாது.

கணக்கை லேத் பட்டறை பாஷையில் தௌவில் சொல்வதுதான் எளிது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஃபுல் 40 தௌ, முக்கால் 30, அரை 20, கால் 10, ஸ்கீட் 5, ஒடுக்கமே இல்லாத சிலிண்டர் பூஜ்யம். இந்த எண் குழல்வாயின் அளவைக் குறிப்பதில்லை. குழலின் உள்விட்டத்துக்கும் வாய் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கிறது. பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. 12 போருக்கு ஏட்டளவு 18.5 மி.மீ. நிஜக் குழல்கள் அதற்குக் கொஞ்சம் கீழேயும் இருக்கும், மேலேயும் இருக்கும். ஒரு குழல் உள்ளே 18.45, வாயில் 17.70 என்றால் ஒடுக்கம் 0.75 மி.மீ, அதாவது முக்கால் சோக். இன்னொன்று உள்ளே 18.80, வாயில் 17.80. வாயை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் அகலம். ஆனால் ஒடுக்கம் 1.00 மி.மீ, முழு ஃபுல். வாயில் காசை வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை என்று சொல்வது இதனால்தான். பழைய 25 பைசா 19 மி.மீ. அது சோக்கே இல்லாத குழலிலும் இறங்காது.

வெர்னியரும் போதாது. அதன் அலகு வாய்க்குள் கொஞ்ச தூரம்தான் போகும். உள்ளே பல இடங்களில் அளக்க நீளத் தண்டு வைத்த போர் கேஜ் வேண்டும். அளப்பதற்கு முன் குழலை வெண்கல பிரஷ்ஷும் சால்வென்ட்டும் போட்டு ஈயக்கறை போகத் தேய்க்க வேண்டும். சோக் தொடங்கும் சரிவில்தான் ஈயம் பிடிக்கும். அதோடு சேர்த்து அளந்தால் இரண்டு மூன்று தௌ பொய் சொல்லும்.

அளவு கிடைத்ததும் காகிதம். 40 கஜம், அதாவது 36.6 மீட்டர். நாலடிக்கு நாலடி காகிதத்தின் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. தாங்கு வைத்து, புள்ளிக்குக் குறி வைத்து, தாளுக்கு ஒரே ஒரு தோட்டா. சுட்ட பிறகு ரவை அடர்ந்த இடத்தைப் பார்த்து 30 அங்குல வட்டம் போடுங்கள். முதலிலேயே வட்டம் போட்டுவிட்டுச் சுட்டால் துப்பாக்கி பக்கவாட்டில் அடிப்பதும் ரவை பரவுவதும் கலந்து ஒன்றுமே புரியாது. வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுங்கள். தோட்டாவில் இருந்த மொத்த ரவையில் எழுபது சதவீதம் உள்ளே என்றால் ஃபுல், அறுபது என்றால் அரை, ஐம்பது சொச்சம் என்றால் கால், நாற்பது என்றால் சிலிண்டர். 32 கிராம் ஆறாம் நம்பர் தோட்டாவில் பிரிட்டிஷ் அளவுப்படி ஏறக்குறைய 305 ரவை இருக்கும். எனவே 213 ஓட்டைக்குப் பக்கம் வந்தால் ஃபுல் சோக் தன் வேலையைச் செய்கிறது. வட்டத்தின் மையத்துக்கும் கருப்புப் புள்ளிக்கும் உள்ள தூரத்தையும் தாளிலேயே எழுதுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

குழலுக்கு ஐந்து தாள். மூன்றுக்குக் குறைந்தால் நம்ப முடியாது, ஒரே பெட்டித் தோட்டாவிலும் தாளுக்குத் தாள் பத்து சதவீதம் ஆடும். இரண்டு குழலுக்கு முன்னும் பின்னும் சேர்த்து இருபது தோட்டா, நடுவில் சோதிக்க இன்னும் ஐந்தாறு. லைசென்ஸில் எழுதியிருக்கும் வருடக் கோட்டாவில் இது போகும் என்பதை நினைவில் வைத்து, வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். சுடுவது ரேஞ்சில் மட்டும்தான். மாந்தோப்பு எவ்வளவு காலியாக இருந்தாலும் அங்கே வேண்டாம்.

தாளைப் பார்த்த பிறகு உலோகத்தைத் தொட வேண்டிய அவசியமே சில நேரம் இருக்காது. தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் அடைப்புதான் வாட். பழைய குழல்கள் ஃபெல்ட் வாட் காலத்தவை. பிளாஸ்டிக் கப் வாட் ரவையைக் குழலில் உரசவிடாமல் காப்பாற்றுவதால் அதே சோக்கில் ரவை இன்னும் நெருங்கி விழும். ஃபெல்ட் வாட் தோட்டா கிடைத்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டித் தோட்டா விலையில் காரியம் முடிந்தாலும் முடியும்.

சரி, வெட்டத்தான் வேண்டும் என்றால் யாரிடம்? ஓசூரில் எஞ்சின் சிலிண்டர் போரை மைக்ரான் கணக்கில் கல்லால் தேய்த்து ஹோன் பண்ணும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கைத்திறனில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனாலும் கொடுக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி துப்பாக்கி பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரர் தங்கமான மனிதராக இருந்தாலும் வழக்கு இருவர் மேலும் வரும். 'வாய்ப்பக்கம் மூணு அங்குலம் அறுத்துட்டா சோக்கே போயிடும்ணா' என்று யோசனை சொல்கிறவர் இதைவிட ஆபத்து. சோக் போகும், உண்மைதான். ஆனால் தனி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவது 6ஆவது பிரிவில் குற்றம். போதாததற்கு டபுள் பேரலில் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ரிப்பின் பற்றவைப்பும் வாயில் திறந்துகொள்ளும்.

லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் பெங்களூரில் இருக்கிறார், அத்திப்பள்ளி தாண்டினால் போதும் என்பவர்கள் தங்கள் லைசென்ஸில் ஏரியா என்ன என்று முதலில் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை என்று பொருள். நீங்களே போக முடியாவிட்டால், பழுதுக்காக எடுத்துப் போகிறவரிடம் உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும். 3ஆவது பிரிவு இதை அனுமதிக்கிறது. தேர்தல் அறிவிப்பு வரும் சமயத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும்போது குழல் ஒரு ஊரில், கட்டை ஒரு ஊரில் என்று கிடந்தால் பதில் சொல்லி மாளாது.

நல்ல கன்ஸ்மித் செய்யும் வேலை இப்படி இருக்கும். குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் தொங்கவிடுவார். விரல் கணுவால் தட்டி ஓசை கேட்பார். மணி மாதிரி கணீரென்றால் ரிப் திடம். மந்தமாக ஒலித்தால் எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது, அதைச் சரி செய்யாமல் மேலே போகக் கூடாது. பிறகு குழலை ஈயத் தகடு அல்லது தோல் வைத்த வைஸில், நசுங்காத அளவு பிடித்து, துளையைச் சீவி அகலப்படுத்தும் ரீமருக்கு, அது சாயாமல் வழிகாட்டும் பைலட் புஷ் போடுவார். இந்தப் புஷ் உங்கள் குழலின் உள்விட்டத்துக்கு ஆடாமல் பொருந்த வேண்டும். 18.5க்குக் கடைந்த புஷ்ஷை 18.8 குழலில் போட்டால் ரீமர் ஒரு பக்கம் சாய்ந்து தின்னும், சோக் குழலுக்கு மையமாக இருக்காது. 40 கஜத்தில் ரவைக் கூட்டமே அந்தப் பக்கம் ஒதுங்கும். கட்டிங் ஆயில் தாராளமாக விட்டு, ரீமரைக் கையால், மெதுவாக, ஒரே திசையில் சுற்ற வேண்டும். வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. சுற்றினால் சீவல் பல்லுக்கும் குழலுக்கும் நடுவில் மாட்டி நீளக் கீறல் போடும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று தௌ, துடைத்து, அளந்து, மறுபடி.

குறி வைத்த அளவுக்கு இரண்டு தௌ முன்னாலேயே ரீமர் நிற்க வேண்டும். மிச்சம் ஹோன் கல்லில், வழவழப்புக்காக. ஃபுல்லிலிருந்து காலுக்குப் போக 30 தௌ எடுக்க வேண்டும் என்று கணக்கு சொன்னாலும் 15இல் நிறுத்தி ரேஞ்சில் மூன்று தாள் சுட்டுப் பார்ப்பதுதான் என் பரிந்துரை. எடுத்த இரும்பை யாராலும் திரும்ப வைக்க முடியாது. அதோடு, அளவுக்கு மீறி ஒடுங்கிய குழலில் நடுவில் ஓட்டையாகச் சிதறும் ரவை, ஐந்தாறு தௌ எடுத்ததுமே நெருங்கி விழுவதும் உண்டு. கணக்கை மட்டும் நம்பினால் அது தெரியாமலே தாண்டிப் போய்விடும்.

உள்ளே குரோம் பூசிய குழல் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரஷ்யக் குழல்களில் இது சாதாரணம். ரீமர் பல் மழுங்கும், அல்லது குரோம் ஓரம் ஓரமாகப் பெயரும். முதலில் கல்லால் குரோமைத் தேய்த்து எடுத்த பிறகே ரீமர் போக வேண்டும். குரோம் போன இடத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் அதற்குப் பிறகு எண்ணெய்த் துணி உங்கள் பொறுப்பு.

சோக்கை இறுக்குவது வேறு கதை. சிலிண்டர் குழலின் வாயை வெளியிலிருந்து அமுக்கித் தருகிறேன் என்பவரிடமிருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாய்க்குச் சற்றுப் பின்னால் உட்புறம் கொஞ்சம் அகலப்படுத்தி, அங்கிருந்து வாய் வரை ஒடுக்கமாக்கும் ஜக் சோக் முறை உண்டு. சுவர்க் கனம் இருந்தால் பலன் தரும். மாற்றிப் போடும் திருகு சோக்குக்கும் கனம்தான் கேள்வி. பரவலான வின்சோக் மரை 13/16 அங்குலம், அதாவது 20.6 மி.மீ. குழல்வாயின் வெளிவிட்டம் 21.4 என்றால் மரைக்கு வெளியே பக்கத்துக்கு 0.4 மி.மீதான் மிஞ்சும். பழைய டபுள் பேரலில் பெரும்பாலும் அதுகூட இருக்காது. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலை எந்த வேலைக்கும் கொடுக்காதீர்கள்.

கூலியைக் குழல் கணக்கில் பேசுங்கள். அளப்பதற்குத் தனியாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், காசுக்கு மதிப்புள்ள பாதி வேலை அதுதான். தோட்டாப் பெட்டியைக் காட்டச் சொல்லாமல், எந்த ஆட்டம் என்று கேட்காமல் ரீமரைத் தேடுகிறவர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வேலைக்கு முன்னிருந்த உள்விட்டம், வாய் விட்டம், சுவர்க் கனம், எத்தனை தௌவில் நிறுத்த வேண்டும் என்ற நான்கையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அப்படியே தோட்டா உட்காரும் சேம்பரின் நீளத்தையும் பார்க்கச் சொல்லலாம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் அது 65 மி.மீ. 70 மி.மீ தோட்டாவும் உள்ளே போகும், ஆனால் சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

திரும்ப வாங்கும்போது குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். வளையம் வளையமாக நடுக்கக் கோடு தெரிந்தால் ரீமர் உதறியிருக்கிறது. பளபளப்புக்காகச் சொல்லவில்லை, அந்தக் கோடுகளில் ஈயம் அப்பிக்கொண்டு நூறு தோட்டாவுக்குள் பரவல் கெடும். குழல் நம்பரை லைசென்ஸோடு அங்கேயே ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மிச்சப் பத்து தாளை அதே பெட்டித் தோட்டாவில் சுட்டு, பழைய தாள்களோடு தேதி போட்டுச் சுருட்டி வையுங்கள்.