பூட்டிக் கிடந்த கூடமும் ஒரு தொலைபேசி அழைப்பும்

குடியை விட்ட பதினான்காம் நாள் மாலை, பூட்டிக் கிடந்த ஒரு கூடத்தின் முன் நின்றிருந்தேன். குடியை விட முயல்பவர்கள் கூடிப் பேசும் குழுக்களின் பட்டியலாக மருத்துவமனையில் கொடுத்த தாளில் அந்த முகவரியும், செவ்வாய்க்கிழமை மாலை 7 மணி என்ற குறிப்பும் தெளிவாகவே இருந்தன. அரை மணி நேரம் கழித்து வந்த காவலாளி, அந்தக் குழுவினர் இடம் மாறிப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்றார். எங்கே போனார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை. வேறு வேலையாக இருந்தால் இதை வீண் அலைச்சல் என்று விட்டுவிடலாம். குடியை விட்டு இரண்டே வாரமான எனக்கோ, "முயன்று பார்த்தேன், யாரும் இல்லை" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. மதுக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீடு வந்து சேர்ந்தேன். சரிபார்க்காத முகவரியைக் கொடுத்தவர்கள் மீது இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

குடியை நிறுத்திய கட்டம் மருத்துவரின் மேற்பார்வையில் சிக்கலின்றி முடிந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர்கள் தாமாகவே திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்த நாட்களில் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் நடுக்கமும் வரக்கூடும். குழுக் கூட்டம் இதற்கு மருந்தாகாது; முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் முறை என் மனைவியும் உடன் வந்தார். அது, குடியை விடுபவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம். அதில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரு வகை உண்டு என்பதை வாசலில்தான் தெரிந்துகொண்டோம். திறந்த கூட்டத்திற்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கும், குடியை விட விரும்புபவர்களுக்கும் மட்டுமே. அன்று நடந்தது மூடிய கூட்டம். "நீங்கள் உள்ளே போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார் மனைவி. அவரை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை, இருவரும் திரும்பிவிட்டோம். இதில் யார் மீதும் குற்றமில்லை, முன்பே கேட்டிருக்க வேண்டியது நான்தான். குடும்பத்தாருக்கென்று 1951-இலேயே தொடங்கப்பட்ட அல்-அனான் என்ற தனி அமைப்பு இருப்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் முறை, தாளை நம்பாமல் தொலைபேசியை எடுத்தேன். முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இரவு ஒருவர் திரும்ப அழைத்தார். என் பெயரைக் கேட்கவில்லை; கடைசியாக எப்போது குடித்தேன், இப்போது உடல் எப்படி இருக்கிறது என்று மட்டுமே கேட்டார். "தம்பி, கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள், நான் வாசலில் நிற்கிறேன்" என்றார். சொன்னபடியே நின்றார். மூன்று வாரமாக என்னால் கடக்க முடியாத வாசலை அந்த ஒரு மனிதருக்காகக் கடந்தேன். ஆகவே, புறப்படும் முன் ஒரு மனிதக் குரலிடம் நான்கு விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இடம் மாறவில்லையே, இன்று கூட்டம் உண்டா, திறந்ததா மூடியதா, வாசலில் யாராவது இருப்பார்களா.

கூட்டம் அமைதியாகவே நடந்தது. நான் அஞ்சிய எதுவும் அங்கே இல்லை. விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. ஒருவர் பகிரும்போது மற்றவர்கள் குறுக்கிடவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது, "இன்று கேட்க மட்டுமே வந்திருக்கிறேன்" என்றேன். "நன்றி" என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார்கள்.

பின்னர் வேறு நேரத்தில் கூடும் இன்னொரு குழுவிற்கும் போனேன். அது எனக்கு ஒத்துவரவில்லை. முதலில் அதற்குப் போயிருந்தால், எல்லாக் கூட்டங்களும் இப்படித்தான் என்று முடிவு கட்டியிருப்பேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. நான்கைந்து கூட்டங்களாவது பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் வரும் இறைவன் என்ற சொல் தடையாக இருந்தால், அதை அவரவர் புரிதலுக்கு விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு, படிகளோ இறைநம்பிக்கையோ இல்லாமல் 1994 முதல் இயங்கும் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற வேறொரு அமைப்பின் கூட்டங்கள் இருக்கின்றன. இக்கூட்டங்களால் பயன் உண்டா என்று ஐயுறுபவர்களுக்கு ஒரு தகவல்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை ஆராய்ந்து, ஏ.ஏ.வில் சேர்ந்து தொடர வழிநடத்தும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிட அதிகமானோரைத் தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்தன என்று கண்டது.

ஆறாம் மாதம் அந்தப் பழைய தாளுடன் அதே மருத்துவமனைக்குப் போனேன். தாளில் இருந்த எல்லா எண்களையும் முன்பே அழைத்துப் பார்த்து, தவறானவற்றை அடித்துத் திருத்தி வைத்திருந்தேன். முதல் நாள், பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுவாரம் அவரைப் பார்த்தேன். என் எதிரிலேயே பழைய தாள்களை எடுத்துவிட்டு, திருத்திய பட்டியலை நகலெடுத்து வைத்தார். அதில் செவ்வாய்க்கிழமைக் குழுவின் புதிய முகவரி சரியாக இருக்கிறது.