சோமாலியாவுக்கு எந்த நிறம்?

வரைபடத்தின் தலைப்பை மாற்றியது சரிதான் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனாலும் ப்ரூஃப் பார்க்கும் சோமாலிய நண்பர் அன்று கேட்டதும், அடுத்த நிமிடமே அதற்கு நேர்மாறாகச் சொன்னதும் மனதை விட்டுப் போகவில்லை.

பள்ளிப் பாடநூலுக்கு 'அரபு மொழி பேசும் நாடுகள்' என்று முழுப்பக்க வரைபடம் கேட்டிருந்தார்கள். கூடவே அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கின் 22 உறுப்பு நாடுகளின் பட்டியல். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை. மௌரித்தானியாவிலிருந்து ஓமான் வரை நிறத்தைப் பரப்பி ப்ரூஃபுக்கு அனுப்பினேன். வளைகுடாவில் வரைபடம் போடுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல்களுக்கெல்லாம் பதில் முன்பே தயாராக இருக்கும். கடலுக்கு 'அரேபிய வளைகுடா' என்று பெயர் போட வேண்டும், ஐ.நா. ஆவணங்களில் அது பாரசீக வளைகுடா, ஆனால் இங்கே அச்சாகும் புத்தகத்தில் அப்படிப் போட முடியாது. உரிமைத் தகராறு உள்ள மேற்கு சஹாராவுக்கு எந்த மாதிரி எல்லைக்கோடு என்பதையும் பதிப்பகமே சொல்லிவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் பிரச்சினை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சோமாலிய நண்பர் ப்ரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டு என் இருக்கைக்கே வந்தார். "தம்பி, என் அம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபியில் ஒரு கிலோ தக்காளி கேட்டு வாங்கத் தெரியாது. எங்கள் வீட்டில், தெருவில், எங்கேயும் சோமாலிதான். எங்களை எதற்கு எகிப்தின் நிறத்தில் போட்டிருக்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. "அப்படியானால் சோமாலியாவுக்குப் பச்சையை எடுத்துவிட்டுச் சாய்கோடு போட்டுவிடவா? ஜிபூட்டிக்கும் கொமொரோஸுக்கும் அப்படியே செய்யலாம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம், அதைச் செய்யாதீர்கள். நாங்கள் 1974இலேயே லீக்கில் சேர்ந்தவர்கள். இந்தப் புத்தகத்தை என் பிள்ளைகளும் படிப்பார்கள். மற்ற எல்லா நாடும் பச்சையாக இருந்து அவர்களுடையது மட்டும் கோடு கோடாக இருந்தால் வகுப்பில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும்."

இரண்டையும் மனதாரத்தான் சொன்னார். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ள என்னால் முடியவில்லை. சோமாலியாவின் 2012 இடைக்கால அரசியலமைப்பும் சோமாலியை ஆட்சிமொழி என்றும் அரபியை இரண்டாம் மொழி என்றும்தான் சொல்கிறது. அவர் பேச்சில் இருந்த அதே நிலைதான் அங்கும்.

அன்று மாலை முழுக்க என் கண் சாட் நாட்டின் மேலேயே நின்றது. எங்கள் வரைபடத்தில் அது வெள்ளை. அங்கே பிரெஞ்சோடு அரபியும் ஆட்சிமொழி. தலைநகர் என்ஜமேனாவின் சந்தையில் வெவ்வேறு இனத்தவர் தங்களுக்குள் பேரம் பேசுவது சாட் அரபியில்தான். அங்கே தக்காளியை அரபியில் கேட்டு வாங்கலாம். ஆனால் லீக்கில் உறுப்பினர் இல்லை, அதனால் நிறமும் இல்லை. 1920களில் இராக்கின் கல்வித்துறையை வழிநடத்திய ஸாதி அல் ஹுஸ்ரி, அரபு தேசியத்துக்கு மொழியையே அடிப்படையாக வைத்தவர். அவர் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் சாட் நாட்டில் அரபி பேசும் பகுதிகள் உள்ளே வரும், சோமாலியா வெளியே போகும். 1945இல் தொடங்கிய லீக்கின் பட்டியலோ நேர் எதிர். ஒரே பக்கத்தில் இரண்டையும் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டில் பேசும் மொழியை வைத்துப் போடலாம் என்றால் பச்சை எல்லா இடத்திலும் கிழியும். மொராக்கோவின் அட்லஸ் மலைகளிலும் அல்ஜீரியாவின் கபிலியாவிலும் பெர்பர் என்றும் சொல்லப்படும் அமாசிக் மொழிகள். மொராக்கோ 2011இலும் அல்ஜீரியா 2016இலும் அமாசிக்கை ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டன. இராக்கின் வடக்கே குர்து மொழி. யேமன், ஓமான் எல்லையில் மெஹ்ரி பேசுகிறார்கள். அரேபியத் தீபகற்பத்துக்கு உள்ளேயே இருந்தாலும் அது அரபி இல்லை. வெளியே பார்த்தால் ஈரானின் கூசிஸ்தானிலும் துருக்கியின் ஹதாயிலும் அரபி பேசும் ஊர்கள். இராக்கின் கிர்கூக் மாதிரி அரபியரும் குர்துகளும் துர்க்மென்களும் கலந்து வாழும் ஊரில் நான் எங்கே கோடு இழுப்பது? இழுத்தால் அது ஒரு தரப்பின் உரிமைக் கோரிக்கையாகிவிடும்.

சரி, ஆசிரியர் குழுத் தலைவியிடம் போனேன். ஜோர்தான்காரர், பொறுமையாகக் கேட்டார். தேர்வில் 'அரபு நாடுகள் எத்தனை?' என்று கேட்பார்கள், 22 என்று எழுத வேண்டும், அதற்குத்தான் இந்தப் பக்கம் என்றார். தலைப்பை மட்டும் 'அரபு லீக் உறுப்பு நாடுகள்' என்று மாற்றலாமா என்று கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். நண்பரும் எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பக்கம் அச்சுக்குப் போனது.

இப்போது அந்த வரைபடத்தில் பொய் எதுவும் இல்லை. உறுப்பினர் பட்டியலை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நிறம் போடுகிற ஒருவன் தன் விருப்பத்துக்கு நாடுகளைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவருடைய பிள்ளைகளுக்கும் அதனால் சங்கடம் இல்லை.

ஆனால் அவர் முதலில் கேட்ட கேள்வி, அதாவது அவர் அம்மாவின் மொழி, அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. மொழி என்ற சொல்லையே எடுத்துவிட்டதால் அந்தக் கேள்வி எழவும் வழியில்லை. படிக்கிற பிள்ளை பச்சையைப் பார்த்து, அங்கே எல்லாரும் அரபி பேசுகிறார்கள் என்றுதான் நினைக்கும். தலைப்பை யார் வாசிக்கிறார்கள்? சில நாள் இது நேர்மையான முடிவு என்று தோன்றுகிறது, சில நாள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி என்று தோன்றுகிறது. நான் சாய்கோட்டைப் பற்றிப் பேசாமல், 'உங்கள் மொழியை எப்படிக் காட்டலாம்?' என்று கேட்டிருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்றும் யோசிக்கிறேன். அப்போதும் பிள்ளைகளை நினைத்து வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம்.

புதிய பதிப்புக்கு மொழிகளை மட்டும் காட்டும் வரைபடம் ஒன்று தனியாக வேண்டும், அதில் எல்லா நாட்டுக்கும் பல நிறம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எகிப்தில் நூபியர்களின் மொழிகளும் சீவா சோலையின் அமாசிக்கும் இருக்கின்றன, அதனால் அதுவும் ஒரே நிறத்தில் வராது. பக்கம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.