ஸ்பைராமைசின் வாங்குவதற்குள் பட்ட பாடு

கர்ப்பிணிகளுக்கு டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமியின் தொற்று இருக்கலாம் என்றால் ஸ்பைராமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார்கள். அதைக் கடையில் வாங்குவதுதான் பெரும்பாடு.

என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனையில் ஐஜிஎம் (தொற்று வந்ததும் முதலில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ். பழைய தொற்றிலும் அது பல மாதம் பாசிட்டிவாகவே நிற்குமாம். அதனால் அவிடிட்டி பரிசோதனையும் எடுத்தோம்; எதிர்ப்புப் புரதம் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது அது, தொற்று பழசாக ஆக பிடி இறுகும். குறைவு என்று வந்தது. தொற்று புதிதாக இருக்கலாம், மாத்திரையை உடனே ஆரம்பியுங்கள் என்றார் மருத்துவர்.

மதுரையில் கேட்ட கடையிலெல்லாம் இல்லை. ஒரு பெரிய கடையில், "அசித்ரோமைசின் தரேன் சார், ரெண்டும் ஒரே குரூப்தான்" என்று பில் போடவே ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டும் மேக்ரோலைடு என்ற ஆன்டிபயாடிக் வகைதான், சரி. ஆனால் ஸ்பைராமைசின் நஞ்சுக்கொடியில் செறிந்து தங்கும். தாயிடமிருந்து கிருமி குழந்தைக்குப் போகாமல் தடுக்கத்தான் அதை எழுதுகிறார்கள். சீட்டில் இருக்கும் மருந்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கடைக்காரருக்குச் சட்டப்படியே உரிமை கிடையாது. கடையில் யார் என்ன சொன்னாலும் மாற்று மருந்தை வாங்காதீர்கள்.

இன்னொரு கடையில் வேறு சிக்கல். சீட்டில் '3 எம்ஐயு' என்றிருந்தது. "மில்லிகிராம் போடலையே, எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த மருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் அம்போஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுப்பது. கிடைப்பது ஒன்றுக்கொன்று நெருக்கமான சேர்மங்களின் கலவை என்பதால், கிருமியை அடக்கும் திறனை வைத்து யூனிட்டில் அளக்கிறார்கள். 3 எம்ஐயு என்றால் 30 லட்சம் யூனிட், ஏறக்குறைய 1 கிராம். சீட்டிலேயே இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிராண்ட் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும்.

கடைசியில் கைகொடுத்தவர் ஒரு மொத்த விற்பனையாளர். "சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க தம்பி, நாளைக்கு வரவழைச்சுடலாம்" என்றார். சொன்னபடி வந்தது. கடை கடையாக ஏறுவதற்கு முன் இப்படி ஒருவரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.

தினம் மூன்று வேளை. முதலில் குமட்டல் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. 18 வாரம் தாண்டியதும் பனிக்குட நீரில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனை எடுத்தார்கள், நெகட்டிவ்! குழந்தைக்குத் தொற்று போயிருந்தால் ஸ்பைராமைசின் மட்டும் போதாது, பைரிமெத்தமின், சல்ஃபாடயாசின் என்று மாற்றவேண்டி வந்திருக்கும்.

நெகட்டிவ் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குப் பிரசவம் வரை தொடரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவைத்துவிடுகிறேன்.