வாத்துக் கூட்டம் எழும்பும்போது கேமரா ஏன் விக்குகிறது?

கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் தண்ணீரை விட்டு எழும்பினால் எல்லாம் சில நொடிதான். முதலில் படபடவென்று விழுந்த படம் நடுவில் விக்கி விக்கி விழுகிறதா? கேமராவில் கோளாறு இல்லை. பஃபர், அதாவது கார்டுக்குப் போகும்வரை படங்களைத் தேக்கி வைக்கும் கேமராவின் உள்நினைவகம், நிறைந்துவிட்டது. மெமரி கார்டு எழுதி முடிக்கத் திணறுகிறது.

கணக்குப் போட்டால் புரியும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா (RAW, பதப்படுத்தாத மூலப்படம்) ஃபைல் ஏறக்குறைய 25 எம்பி என்று வையுங்கள். நொடிக்கு 10 படம் என்றால் 250 எம்பி வருகிறது. கார்டு எழுதுவது நொடிக்கு 80 எம்பிதான் என்றால், நொடிக்கு 170 எம்பி பஃபரில் தேங்கும். பஃபர் 1 ஜிபி என்றால் ஆறு நொடியில் முட்டிவிடும். அப்புறம் நொடிக்கு மூன்று படம்தான். பஃபர் முழுக்கக் காலியாக இன்னும் பன்னிரண்டு நொடிக்கு மேல் வேண்டும். வாத்து அதுவரை காத்திருக்காது.

கடையில் கேட்டால், “இது 170 ஸ்பீடு தம்பி” என்று அண்ணாச்சி எடுத்து நீட்டுவார். பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த எண் படிக்கும் வேகம், அதாவது கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது உதவுவது. எழுதும் வேகம் பொடி எழுத்தில் பின்னால் கிடக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அதோடு, சாதாரண எஸ்டி கார்டுகளின் யூஎச்எஸ்-1 (UHS-I) என்ற வேகத் தரத்தின் உச்சமே நொடிக்கு 104 எம்பிதான். 170, 200 எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் தனி ரீடரில் கிடைப்பது, கேமராவுக்குள் வராது.

நம்பிப் பார்க்கக்கூடியது கார்டின் மேல் இருக்கும் வி (V) எண். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போதும் நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது. வி60, வி90 அப்படியே. வீடியோவுக்காக வகுத்த தரம் என்றாலும் தொடர் படத்துக்கும் இதைத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் பறவைக்கும் கபடிக்கும் நல்ல வி60 போதும். வி90 விலைக்கு இன்னொரு கார்டு வாங்கிவிடலாம்.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். உலோகத் தொடுமுனைகள் (பின்கள்) இரண்டு வரிசையாக இருந்தால் யூஎச்எஸ்-2, உச்சம் நொடிக்கு 312 எம்பி. கேமரா ஸ்லாட்டும் அதே தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வேகத்தில்தான் ஓடும், காசு தண்டம். சில கேமராக்களில் முதல் ஸ்லாட் மட்டுமே யூஎச்எஸ்-2. இரண்டிலும் ஒரே படத்தைப் பதியச் சொன்னால் மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். கல்யாணத்துக்கு அது சரி. பறவைக்குப் போனால் ஒன்று நிறைந்ததும் மற்றதுக்குப் போகிற மாதிரி வையுங்கள்.

எஸ்டி-யை விட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் (CFexpress) வகைக் கார்டு போடும் கேமரா என்றால் கவலை குறைவு. ஆனாலும் மலிவான கார்டுகள் கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டு, சூடேறியதும் வேகம் சரியும். தொடர்ந்து எழுதும் வேகம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

புதுக் கார்டைக் கல்யாணத்துக்கோ தேரோட்டத்துக்கோ நேராகக் கொண்டுபோகாதீர்கள். போலிக் கார்டு 128 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது சொற்பம். அதைத் தாண்டியதும் படங்கள் பாழாகும். எஃப்3 (F3) அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பிச் சோதித்துவிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

எஸ்டி கார்டின் ஓரத்து லாக் தளர்ந்தால், எழுத முடியாது என்று கேமரா அடம்பிடிக்கும். அவசரத்துக்கு லாக் இருக்கும் பள்ளத்தின் மேல் சின்னதாக ஒரு செலோ டேப் ஒட்டினால் வேலை ஓடும். வீட்டுக்கு வந்ததும் கார்டை மாற்றிவிடுங்கள். டேப் உரிந்து ஸ்லாட்டுக்குள் சிக்கினால் செலவு பெரிது.